வெள்ளைக் குட்டியும் பூட்டில்லாத திறப்பும்

என் வாழ்க்கையில் இரண்டு கலியாணங்களில் நோயை மறைத்திருக்கிறேன். முதலாவதில் பொம்பிளை நான். இரண்டாவதில் மாப்பிள்ளை ஒரு மலைப்பாம்பு. முதல் பொய்க்கு இருபத்தெட்டு வயது. அது சிட்னி லிட்கமில் எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது பொய் பதினான்கு முட்டை இட்டது. அந்த முட்டைகள் பொரித்த அதே கிழமைதான், அதே வாரம்தான், மெல்பனில் மூன்றாம் மாதம் வயிற்றோடு இருக்கும் என் மகளுக்கு நான் ஒரு உண்மையைச் சொல்வதா விடுவதா என்று முடிவெடுக்க வேண்டிய கிழமையாகவும் போய்விட்டது. எது முதலில் வெளியே வந்தது என்று கேட்டால், பாம்புதான்.

பதினோரு வயதில் எனக்கு வலிப்பு வந்தது. பள்ளிக்கூடத்துக் காலைப் பிரார்த்தனையில், முன்வரிசையில், எல்லோரும் பார்க்க. அதன் பிறகு வருடத்துக்கு இரண்டு, மூன்று தடவை. எங்கள் பக்கத்தில் வலிப்பு வந்தவரின் கையில் இரும்பைத் திணிப்பார்கள், இரும்பு பட்டால் நிற்குமாம். தானாகவே இரண்டு நிமிடத்தில் நிற்கிற சாமானுக்கு இரும்பு பெயர் வாங்கிக்கொள்ளும். அம்மா சந்தைக்குப் போய், கைக்கு அடங்காத ஒரு பெரிய இரும்புத் திறப்பை வாங்கி என் புத்தகப் பைக்குள் போட்டுவிட்டார். இந்தியத் தமிழர் சாவி என்பார்கள், எங்களுக்கு அது திறப்பு. ஆனால் இந்தத் திறப்பு உலகத்தில் எந்தக் கதவையும் திறந்ததில்லை.

கடைசியாக வலிப்பு வந்தது பத்தொன்பது வயதில். குளிசைகள், அதாவது மாத்திரைகள், மட்டும் தொடர்ந்தன. பிறகு சிட்னி மாப்பிள்ளை ஒருவரின் சம்பந்தம் வந்தது. அவருடைய தாயார் எங்கள் வீட்டில் ஒன்றரை மணித்தியாலம் இருந்து விசாரித்தார். சாதகம் கேட்டார், படிப்புக் கேட்டார், என்னை வெளிச்சத்தில் நிற்கச் சொல்லி நிறம் பார்த்தார். எழும்பிப் போகும்போதுதான், செருப்பைப் போட்டுக்கொண்டே, "பிள்ளைக்கு வருத்தம் ஏதும்?" என்று கேட்டார். வருத்தம் என்றால் எங்கள் பேச்சில் நோய். அம்மா கண் இமைக்காமல், "ஒண்டுமில்லை" என்றார். ஒரே சொல். அந்தச் சொல்லோடு நான் விமானம் ஏறினேன்.

இங்கே வந்து குளிசைகளை விற்றமின் போத்தலுக்குள் மாற்றிப் போட்டேன். மனுசன் கேட்டால் சத்துக் குறைவு என்பேன். கார் ஓட்டப் பழகச் சொன்னார், பயம் என்றேன். பாவம், இருபத்தெட்டு வருடமாக என்னை ஏற்றி இறக்குகிறார். மகள் வயிற்றில் இருந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் என்னை இறக்கிவிட்டு அவர் கார் நிறுத்த இடம் தேடிப் போவார். அந்தப் பத்து நிமிடத்துக்குள் டொக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்துவிடுவேன். ஆஸ்பத்திரியில் கார் நிறுத்த இடம் கிடைக்காததற்குச் சந்தோசப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். மகள் பிறந்து சில வருடத்தில் டொக்டர் குளிசைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். அதன் பிறகு வலிப்பு என் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

திறப்புக் கதைக்கு வருகிறேன். கலியாணமாகி வந்த முதல் கிழமையிலேயே மனுசன் அதை என் பெட்டிக்குள் கண்டெடுத்துவிட்டார். "இது என்ன?" என்றார். "ஊர் வீட்டுத் திறப்பு" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அவ்வளவுதான், மனுசனுக்குக் கண் கலங்கிவிட்டது. சண்டையில் இடம்பெயர்ந்து போன வீடு, பூட்டிவிட்டு வந்த கதவு என்று அவராகவே கதையை எழுதிக்கொண்டார். உண்மையில் அந்த வீட்டில் இன்றைக்கும் என் சித்தி குடும்பம் இருக்கிறது, கதவுக்குக் கொண்டி மட்டும்தான். ஆனால் அவர் கூடத்தில் ஆணி அடித்து அதைத் தொங்கவிட்டார். வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். ஒருநாள் ஒரு அன்ரி அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதே விட்டார். நான் சமையல் குசினிக்குள் போய் நின்று, சிரிப்பை அடக்க உள்ளங்கையைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பாம்பு எங்களிடம் வந்தது இப்படி. பின்னறையில் ஒரு சிங்கப்பூர்த் தமிழ் மாணவி வாடகைக்கு இருந்தாள். லைசன்ஸ் எடுத்து முறையாக ஒரு மலைப்பாம்பு வளர்த்தாள். படிப்பு முடிந்து தூரத்து ஊர் ஒன்றில் வேலை கிடைத்ததும், "ஆன்ட்டி, ரெண்டே மாசம், வந்து எடுத்துக்கிறேன்" என்று சொல்லிப் போனவள்தான், ஆளைக் காணவில்லை. லைசன்ஸை என் பெயருக்கு எடுத்தேன். "அது உள்ளுக்கு வந்தா நான் வெளியால" என்றார் ரயிலில் கார்ட் வேலை பார்க்கும் என் மனுசன். பாம்பு உள்ளே வந்தது. அவரும் உள்ளேதான் இருந்தார்.

அடேயப்பா, என்ன அழகு. மஞ்சளும் கறுப்பும் உடைந்து உடைந்து ஓடுகிற வடிவம். வளர்ப்பவர்கள் அதற்கு ஜாகுவார் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உறையவைத்த எலியைச் சுடுதண்ணீரில் இளக்கி, இடுக்கியில் பிடித்துக் கொடுக்கவேண்டும். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மச்சம் மாமிசம் கிடையாது, ஆகவே அதற்கும் எலி கிடையாது. இரண்டு கிழமைக்கு ஒரு நேரம்தான் சாப்பிடும் என்பதால், விரதத்தில் எங்களையெல்லாம் தோற்கடித்துவிட்டது.

ஒரு குறை இருந்தது. எலியைக் கண்டு உசாரானால் தலை ஒரு பக்கம் சரிந்து ஆடத் தொடங்கும். ஆடி ஆடிக் குறிவைத்து, எலியை விட்டுவிட்டு இடுக்கியைக் கடிக்கும். சாமியாடுகிறான் என்று சொல்லிச் சிரிப்பேன். ஆனால் உள்ளே ஏதோ உறுத்தியது. தலை சரிவதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பிடிக்காது. பாம்பு பார்க்கத் தெரிந்த ஒரு மிருக டொக்டரிடம் கொண்டுபோனேன்.

அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன். இந்த அழகான வடிவத்தைக் கொடுக்கிற மரபணுவேதான் தலையாட்டத்தையும் கொடுக்கிறது, ஒன்றை விட்டு மற்றதை எடுக்க முடியாது. சிலதுக்குக் கொஞ்சம் ஆடும், சிலது தலைகீழாகச் சுருண்டு தவிக்கும். மருந்து இல்லை. இதை வைத்துக் குட்டி எடுக்கவேண்டாம், அதிலும் இதே வடிவமுள்ள இன்னொன்றோடு சேர்க்கவே வேண்டாம். "சேர்த்தால்?" என்று கேட்டேன். "கிட்டத்தட்டக் கால்வாசிக் குட்டிகள் முழு வெள்ளையாக வரும்" என்றார். அதற்குப் பிறகும் அவர் பேசிக்கொண்டிருந்தார். காது கேட்டது. மனம் வெள்ளை என்ற சொல்லிலேயே இறங்கி நின்றுவிட்டது.

இதற்குக் காரணம் என் மாமியார். என்னைப் பார்த்துவிட்டுப் போன அன்று அவர் தன் மகனுக்கு எழுதிய கடிதத்தை நான் பிறகு எடுத்துப் படித்தேன். "பிள்ளை கறுப்பு, எண்டாலும் முகவெட்டு இருக்கு" என்று எழுதியிருந்தார். என் மகள் பிறந்தபோது தொட்டிலை எட்டிப் பார்த்து, "தகப்பன்ர நிறத்தில வந்திருக்கலாம்" என்றார். அன்று மனதுக்குள் ஒரு வன்மம் விழுந்தது. இந்த வீட்டில் ஒருநாள், கண் கூசுகிற வெள்ளையாக ஒன்று பிறக்கவேண்டும். அதை நான் தூக்கிக் காட்டவேண்டும். மாமியார் போய்ச் சேர்ந்து பல வருடமாகிவிட்டது. வன்மத்துக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

தமிழில் பாம்பு வளர்ப்போருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. மொத்தம் மூன்று பேர். அட்மினிடம் பாம்பே இல்லை, ஒரு ஓணான்தான். அவர் காலை வணக்கம் மட்டும் அனுப்புவார். மற்ற இரண்டு பேரில் ஒருவர் நான், மற்றவர் பக்கத்து ஹோம்புஷில் ஒரு பிளாட்டில் இருக்கும் மதுரைக்காரத் தம்பி. கம்ப்யூட்டர் வேலை. அவரிடம் ஒரு பெண் பாம்பு இருந்தது, அதுவும் ஜாகுவார். படத்தைப் பார்த்ததும் நான் தட்டச்சுச் செய்த முதல் கேள்வி, "எத்தினை வயது?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, ஒரு கையில் மைசூர்பாகுப் பெட்டி, மறு கையில் தலையணை உறை. உறைக்குள் பொம்பிளை. என் மனுசன், பாம்பென்றால் நடுங்குகிறவர், இந்தக் காட்சியைக் கண்டதும் உசாராகிவிட்டார். இது அவருக்குத் தெரிந்த சடங்கு. தானும் நல்ல சட்டை மாற்றிக்கொண்டு வந்து கதிரையில் நிமிர்ந்து இருந்தார். தம்பிக்குத் திறப்பைக் காட்டிக் கதை சொன்னார். தம்பியும் அதைத் தொட்டுப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

மாப்பிள்ளைக்கு நான் முதல் நாளே ஒரு பெரிய எலியைக் கொடுத்திருந்தேன். வயிறு நிறைந்த பாம்பு சுருண்டு படுத்துவிடும், தலை ஆடாது. தூக்கிப் பார்க்கலாமா என்று தம்பி கேட்டார். "சாப்பிட்டவன், ரெண்டு நாளைக்குத் தொடக்கூடாது" என்றேன். அது உண்மையும்கூட. பொய் சொல்வதென்றால் பக்கத்தில் ஒரு உண்மையை வைத்துக்கொள்ளவேண்டும், இது எனக்கு அனுபவம்.

"அக்கா, இவன் ப்யூர்தானே? கலப்பு எதுவும் இல்லையே?" என்றார் தம்பி.

"சாதி கேக்கிறீரோ?"

மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஐயோ அக்கா, பாம்போட சாதியைத்தான் கேட்டேன்."

பிறகு அவர் தலையணை உறையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டு, தரையைப் பார்த்துச் சொன்னார். "ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடறேன் அக்கா. இவளுக்குத் தலை கொஞ்சம் ஆடும். வாங்குனப்ப எனக்குத் தெரியாது. மறைச்சுட்டோம்னு பின்னால நீங்க நினைக்கக் கூடாதுல்ல, அதான்."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்து, எங்களுடையவனுக்கும் ஆடும் தம்பி என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிட வேலை. நான் என்ன செய்தேன் தெரியுமா? கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து, பெரிய மனசோடு சிரித்தேன். "அதென்ன தம்பி, நாங்கள் அப்பிடியெல்லாம் குறை பாக்கிற ஆக்கள் இல்லை." என் மனுசன் பெருமையோடு தலையாட்டினார்.

"இவனுக்கு எதுவும் பிரச்சினை?"

"ஒண்டுமில்லை."

அம்மாவின் குரலே என் வாயிலிருந்து வந்தது. அந்த நேரம் பார்த்து, கண்ணாடிப் பெட்டிக்குள் மாப்பிள்ளை தலையைத் தூக்கினான். பெண் வாசனை பட்டிருக்கவேண்டும். தலை மெல்லச் சரியத் தொடங்க, நான் துவாயை எடுத்துப் பெட்டியின் மேல் போட்டேன். "கூச்சப்படுறான்" என்றேன்.

தம்பி கடைசியாக ஒன்று கேட்டார். "நெட்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க அக்கா. டாக்டர்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டனான். கால்வாசி வெள்ளைக் குட்டி வருமாம்."

"அப்புறம் என்ன. டாக்டரே சொல்லிட்டார்ல" என்று மைசூர்பாகுப் பெட்டியைத் திறந்தார்.

குளிர்காலத்தில் இரண்டையும் சேர்த்தோம். வசந்தத்தில் அவள் பதினான்கு முட்டை இட்டாள். ஹோம்புஷ் பிளாட்டில் இடமில்லாததால், வெப்பம் மாறாமல் வைத்திருக்கும் பெட்டியை எங்கள் உடுப்புத் தோய்க்கிற அறையில் வைத்தோம். இரண்டு முட்டை கெட்டுப்போனது, பன்னிரண்டு மிஞ்சியது. தினமும் காலையில் சாமி படத்துக்கு முன் நிற்பதற்கு முதல் அந்தப் பெட்டிக்கு முன் போய் நிற்பேன்.

முட்டைகள் பொரிக்கக் கிட்டிய நேரத்தில்தான் மெல்பன் பொயிண்ட் குக்கில் இருந்து மகள் போன் எடுத்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேள்வியாக வாசித்தாள். குடும்பத்தில் யாருக்கு என்ன நோய்.

"டயபிடீஸ்?"

"அது எல்லாருக்கும் கிடக்கு. எழுது."

"ஹார்ட்?"

"உன்ர அப்பப்பாவுக்கு."

"எபிலெப்ஸி?" வலிப்பின் ஆங்கிலப் பெயர்.

ஆறு வயதில் ஒருநாள் இவள் சாப்பாட்டு மேசையில், கரண்டி வாய்க்குப் பாதி வழியில் நிற்க, அரை நிமிடம் அசையாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன், கேட்கவில்லை. பிறகு ஒன்றும் நடக்காததுபோல் சாப்பிட்டாள். கனவு காணுகிறாள் என்று மனுசனுக்குச் சொன்னேன். அன்றிலிருந்து ஒரு வருடம் நான் அவளுடைய கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி வரவில்லை. வராததால் யாரிடமும் சொல்லவுமில்லை. அது என்னவென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் பிள்ளைப்பேறு நேரத்தில் அவளுக்கு ஏதும் வந்தால், அல்லது பிறக்கிற பிள்ளைக்கு வந்தால், பக்கத்தில் நிற்கிற ஒருவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. இது எனக்கு நன்றாக விளங்கியது. விளங்கியும் என்ன, மனுசன் பக்கத்துக் கதிரையில் இருந்து கடலை கொறித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்டுமில்லை" என்றேன்.

"ஷுவர் அம்மா? வியாழக்கிழமை அப்பொயின்ட்மென்ட். அதுக்கு முதல் வேற ஏதும் ஞாபகம் வந்தா சொல்லுங்கோ."

செவ்வாய்க்கிழமை மத்தியானம் முதல் முட்டை கீறியது. தம்பிக்குப் போன் அடித்தேன், அடுத்த ரயிலில் வந்து நின்றார். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர், மேலே அலுவலகச் சட்டை, கீழே அரைக் காற்சட்டை. இரண்டு பேரும் பெட்டிக்கு முன் குந்தியிருந்தோம். ஒன்று மஞ்சள் மூக்கை நீட்டியது. இன்னொன்று மண்ணிறம். மூன்றாவது முட்டைக்குள்ளிருந்து, அரிசிமாவில் பிசைந்ததுபோல், ஒரு சின்னத் தலை. வெள்ளை. ஒரு புள்ளி, ஒரு கோடு கிடையாது. கண் இரண்டும் கருமணி. நான் எழும்பிக் கூடத்துக்குப் போய், மாலை போட்ட மாமியாரின் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் திரும்பி வந்தேன்.

அந்தச் சந்தோசம் அவ்வளவுதான் நின்றது. வெள்ளைக் குட்டி வாயைத் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. பாம்புக் குட்டி அப்படிச் செய்வதில்லை.

"அக்கா, இதுக்கு மூச்சு வாங்க முடியல" என்றார் தம்பி.

ஒரு மணித்தியாலத்துக்குள் அது அவருடைய உள்ளங்கையில் அடங்கிப்போனது. இரண்டாவது வெள்ளை முட்டைக்குள்ளேயே செத்திருந்தது. மூன்றாவது வெளியே வந்து, முதலாவதைப் போலவே வாயைத் திறந்து திறந்து மூடியது. தம்பி அழத் தொடங்கிவிட்டார். "உடனே டாக்டர்கிட்ட போகலாம் அக்கா. உங்க டாக்டர்தான் இருக்காரே." வேறு டொக்டரிடம் போகலாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் வாயில் வரவில்லை. முதல் தடவையாகப் பொய் கைவிட்டுவிட்டது. என் மனுசன் கார் எடுத்தார். குட்டி ஈரத்துணி விரித்த சாப்பாட்டுப் பெட்டிக்குள், தம்பியின் மடியில்.

டொக்டர் பெட்டியைத் திறந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். "இரண்டு ஜாகுவாரையும் சேர்த்தீர்களா? இதைத்தானே உங்களிடம் சொன்னேன். உங்களுடைய பாம்புக்குத் தலை ஆடுகிறது, இதோடு குட்டி எடுக்கவேண்டாம், வெள்ளையாக வருகிறவை பிழைக்காது என்று இந்த அறையில் வைத்துத்தானே சொன்னேன்." கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அலுத்துப்போய்ச் சொன்னார். என் இடது பக்கம் தம்பி, வலது பக்கம் மனுசன். இரண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை. டொக்டர் ஊசி போட்டுக் குட்டியை நோகாமல் அனுப்பிவைத்தார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் கார் ஓபர்னைத் தாண்டியது. பிறகு பின்சீட்டிலிருந்து தம்பியின் குரல் வந்தது.

"இவளுக்குத் தலை ஆடும்னு அன்னைக்கு எவ்வளவு கூச்சப்பட்டுச் சொன்னேன் தெரியுமா அக்கா. நீங்க பெருந்தன்மையா சிரிச்சீங்க. நான் வீட்டுக்குப் போய் எங்கம்மாவுக்கு போன் போட்டு, இங்க ஒரு நல்ல அக்கா கிடைச்சிருக்காங்கன்னு சொன்னேன்."

எனக்குக் காரின் கதவைத் திறந்து ரோட்டில் குதிக்கலாம்போல் இருந்தது. வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம் என் வாழ்நாளில் பட்டதில்லை.

வீட்டுக்கு வந்தும் அவர் உடனே போகவில்லை. மிச்சம் ஒன்பது குட்டிகள் இருந்தன. மூன்று சாதாரணம், ஆறு ஜாகுவார். ஒவ்வொன்றையும் தனித்தனிப் பிளாஸ்டிக் பெட்டியில் விட்டார். பிறகு ஒரு மார்க்கரை எடுத்து, ஜாகுவார்ப் பெட்டிகளில் தன் பங்கு மூன்றின் மூடியிலும் எழுதினார். தலை ஆடலாம். குட்டி எடுக்க வேண்டாம்.

"இப்ப ஒண்டும் ஆடேல்லையே தம்பி" என்றேன். பழக்கதோசம், வாய் தானாகச் சொன்னது.

"ஆடலைன்னாலும் உள்ள இருக்கும்ல. வாங்கிட்டுப் போறவங்களுக்குத் தெரியணும் அக்கா" என்று மார்க்கரை என் கையில் தந்தார். என் பங்கு மூன்று மூடிகளிலும் நான் எழுதினேன். எழுத்து கோணலாக விழுந்தது. அவர் வாசித்துப் பார்த்துவிட்டு, தேத்தண்ணி வேண்டாமென்று சொல்லிப் போய்விட்டார். எங்கள் வீட்டில் அவர் தேத்தண்ணி குடிக்காமல் போனது அதுதான் முதல் தடவை.

மார்க்கரை மூடாமலே மகளுக்குப் போன் அடித்தேன். யோசித்தால் சொல்லமாட்டேன் என்று எனக்கு என்னைத் தெரியும். மனுசன் குசினிக்குள் தேத்தண்ணிக்கு வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தார். கதவு திறந்துதான் இருந்தது.

"அந்தப் படிவத்தில எபிலெப்ஸி எண்டு எழுது பிள்ளை. எனக்கு இருந்தது. பதினொண்டில இருந்து பத்தொன்பது மட்டும்."

"அம்மா, ஆர் யூ சீரியஸ்?"

"ஓம். உனக்கும் ஆறு வயசில ஒருநாள் ஒரு மாதிரி இருந்தது. கரண்டியோட அப்பிடியே இருந்தனீ. ஒருக்காத்தான். அதையும் எழுது."

"அப்பாவுக்குத் தெரியுமோ?"

குசினிக்குள் கோப்பைச் சத்தம் நின்றிருந்தது.

"இப்ப தெரியும்" என்றேன்.

"ஓகே. டொக்டரிட்ட சொல்லுறன். மே பீ ஒண்டும் இல்லாமல் இருக்கும், பட் தே நீட் டு நோ." வைப்பதற்கு முன், "யூ ஷுட் ஹாவ் டோல்ட் மீ, அம்மா" என்றாள். அவளுக்குத் தமிழில் திட்டத் தெரியாது. அன்றைக்கு அது தெரிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மனுசன் தேத்தண்ணி இல்லாமல் வந்தார். நேராகச் சுவருக்குப் போய், ஆணியிலிருந்து திறப்பைக் கழற்றினார்.

"அப்ப இது?"

"வலிப்பு வந்தா கையில வைக்கிறது. அம்மா சந்தையில வாங்கினவ."

"உங்கட வீடு?"

"வீட்டுக்குக் கொண்டி மட்டும்தான்."

கதிரையில் இருந்துகொண்டு திறப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்த அன்ரி இதைக் கண்ணில ஒத்தினவ."

"ஓம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. கத்துவார், தன் தாயாரின் படத்தைக் காட்டுவார், என் அம்மாவை இழுப்பார் என்று எல்லாவற்றுக்கும் நான் பதில் வைத்திருந்தேன். இருபத்தெட்டு வருடமாகத் தயார் செய்து வைத்திருந்த பதில்கள். அவர் அதில் ஒன்றையும் கேட்கவில்லை.

"உமக்குப் பக்கத்திலதானே நான் இவ்வளவு காலமும் படுத்தனான்" என்றார். "ஒருநாள் வந்திருந்தா நான் என்ன செய்திருப்பன்? ஒண்டும் தெரியாமல் பாத்துக்கொண்டு நிண்டிருப்பன்."

தெரிந்தால் என்னை வேண்டாமென்று விடுவார் என்றுதான் நாங்கள் மறைத்தோம். தெரியாவிட்டால் அவருக்கு எனக்கு உதவக்கூடத் தெரியாமல் போகும் என்று அம்மாவும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. நான் அழுதேன். அவர் அழ விட்டார்.

பிறகு கேட்டார், "வந்தா என்ன செய்யோணும்?"

"ஒரு பக்கமாச் சரிச்சுக் கிடத்தோணும். தலைக்குக் கீழ மெத்தெண்டு ஏதும் வைக்கோணும். வாய்க்குள்ள ஒண்டும் வைக்கக்கூடாது. நேரம் பாக்கோணும், அஞ்சு நிமிசத்துக்கு மேல போனா அம்புலன்ஸ்."

"திறப்பு?"

"வேண்டாம்."

திறப்பை மறுபடி ஆணியில் மாட்டினார். "வாற ஆக்களுக்கு இனி என்ன சொல்லுறது?"

"உண்மையைச் சொல்லுங்கோ."

"அதுக்கு ஆர் அழப்போகினம்" என்றார். பிறகு மேசையை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, கார்ப்பெட்டைக் காட்டினார். "சொன்னா எனக்கு விளங்காது. படும்."

"இப்பவோ?"

"இப்பத்தான்."

கூடத்து நடுவில் மல்லாக்கப் படுத்தேன். அவர் முழங்கால் நோவோடு மெல்லக் குனிந்து, என் தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்துப் புரட்டினார். நான் பாரம். முதல் தரம் பாதியில் விட்டுவிட்டார். இரண்டாம் தரம் தலைமுடியை இழுத்துவிட்டார், நான் கத்தினேன், பொறும் என்றார். மூன்றாம் தரம் சரியாகப் புரட்டி, சோபாவில் இருந்த குஷனை எட்டாததால் தன் உள்ளங்கையையே என் தலைக்குக் கீழே வைத்து, சுவர் மணிக்கூட்டைப் பார்த்து நேரம் எண்ணத் தொடங்கினார். நான் எழும்பாமல் அப்படியே கிடந்தேன்.